பழைய டெல் டவருக்கு ராம் போடுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

சிப்புட்_பையன்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வீட்டில் உள்ளது டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, பெரிய டவர். ஐ3-4130 புரொசசர், 4 ஜிபி ராம் ஒன்று, 500 ஜிபி ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10. பிள்ளைகளுக்கு டெலிமா (பள்ளிப் பாட இணையதளம்), கூகுள் மீட், எனக்குக் கொஞ்சம் எக்செல். கேம் கிடையாது. டெஸ்க்டாப் வந்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. கடிகாரம் வேறு பிளக்கைப் பிடுங்கினால் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. 300 வெள்ளி (ரிங்கிட்) வரை செலவழிக்கலாம். ராம் மட்டும் ஏற்றினால் போதுமா? கிராபிக் கார்டும் வேண்டும் என்கிறார்கள்.

லூனாஸ்_வயர்:
கிராபிக் கார்டை மறந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன வேலைக்கு புரொசசரில் இருக்கும் கிராபிக்ஸே போதும். டிஸ்க் 100 சதவீதம் என்றால் முதல் காசு எஸ்எஸ்டிக்குத்தான், அதாவது ஹார்ட்டிஸ்க்கின் இடத்தில் போடும் வேகமான சிப் டிஸ்க்குக்கு. 4 ஜிபி ராம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட்டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அதனால் இரண்டும் சேர்ந்த நோய் இது. ராம் மட்டும் ஏற்றினால் பாதிதான் தீரும்.

இந்த போர்டில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேராக போர்டில் செருகும் இடம்) கிடையாது. கேபிளில் இணைக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 480 ஜிபி வாங்குங்கள். டிஸ்க்குக்கான கரண்ட் இந்த மாடலில் பவர் சப்ளையிலிருந்து நேராக வராது, மதர்போர்டு வழியாக வரும். தனி வயர் இல்லையே என்று பயப்படாதீர்கள், டிவிடி டிரைவின் வயரைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டேட்டா கேபிளை டிவிடியின் போர்ட்டிலேயே விடாதீர்கள். இந்த போர்டின் எச்81 சிப்செட்டில் வேகமான 6 ஜிபிபிஎஸ் போர்ட் இரண்டுதான், மற்றவை 3 ஜிபிபிஎஸ். எஸ்எஸ்டி சாட்டா 0-வில் இருக்கட்டும். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் பிராக்கெட் கிடைக்காவிட்டால் இருபக்க டேப் போதும்.

ராம் ஸ்லாட் இரண்டு, மொத்தம் 16 ஜிபி வரை ஏறும். வேண்டியது டிடிஆர்3, 1600, 240 பின், ஈசிசி (பிழை திருத்தும் சர்வர் வகை) இல்லாதது. லேப்டாப் ராம் நீளம் குறைந்தது, இதில் உட்காராது. டிடிஆர்4-க்கு வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் இறங்காது. இருக்கிற 4-ஐக் கழற்ற வேண்டியதில்லை. கூட ஒரு 8 போட்டால் 12 ஜிபி. அதில் 8 ஜிபி டூயல் சேனலிலும் (இரண்டு ராமையும் ஒரே நேரத்தில் படிக்கும் வேகமான முறை) மிச்ச 4 ஒற்றை சேனலிலும் ஓடும். பிள்ளைகள் பாடத்துக்கு அதுவே தாராளம்.

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, கேஸின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்ட பிறகு கை வையுங்கள். ராமை இரண்டு முனையிலும் கிளிப் தானாக மூடும் வரை அழுத்த வேண்டும். ஆரஞ்சு விளக்கு மின்னி, திரை கறுப்பாகவே நின்றால் முதல் சந்தேகம் ராம் சரியாக உட்காரவில்லை என்பதுதான். முதல் தடவை மெமரி அளவு மாறிவிட்டது என்று ஒரு செய்தி வரலாம், எஃப்1 அழுத்திப் போய்விடுங்கள்.

கடிகாரத்துக்கு சிஆர்2032 பேட்டரி. தேதி தப்பாக இருந்தால் பாதி இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்காது, ஆட்கள் அதை லைன் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். மாற்றிய பிறகு, ஆன் செய்ததும் எஃப்2 அழுத்தி பயாஸ் அமைப்புக்குள் போய் தேதியோடு 'சாட்டா ஆப்பரேஷன்' முன்பு எதில் இருந்ததோ அதிலேயே இருக்கிறதா பாருங்கள். அது மாறிவிட்டால் பழைய விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும்.

ஈப்போ_பழுது:
குளோன் செய்வதற்கு, அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுப்பதற்கு முன்னால், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராமில் அதைப் பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்' (டிஸ்க்கில் சரியாகப் படிக்க முடியாத இடங்கள்) பூஜ்யம் இல்லையென்றால் குளோன் வேண்டாம். முக்கியமான ஃபைல்களை முதலில் வெளியே காப்பி எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கை முழுசாகப் படிக்கவைத்தால் குளோன் பாதியிலேயே அது போய்விடும்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் இன்னொரு சிக்கல்: 480 என்பது 500-ஐவிடச் சிறியது. குளோன் எடுக்கும் குளோன்சில்லா புரோகிராம் சும்மா விட்டால் மறுக்கும். சி டிரைவைச் சுருக்கினால் மட்டும் போதாது, விண்டோஸின் ரெகவரி பார்ட்டிஷன் டிஸ்க்கின் கடைசியில் இருந்தால் அது 480-க்கு வெளியே நிற்கும். இவ்வளவு பாடு எதற்கு? எக்செலும் பிரவுசரும்தான் என்றால் புதிதாகப் போடுவதே சுத்தம். பிடிவாதமாகக் குளோன்தான் என்றால், முதல் தடவை திறக்கும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றியே திறங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும், விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனாக்கிவிடும்.

சிப்புட்_பையன்:
நன்றி அண்ணே. ஷாப்பியில் 8 ஜிபி டிடிஆர்3 ஒன்று மற்றதைவிட ரொம்ப மலிவு, 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. போடலாமா? புரொசசரையும் ஐ5 ஆக்கினால் விண்டோஸ் 11 ஏறுமா?

லூனாஸ்_வயர்:
அந்த ராம் வேண்டவே வேண்டாம். அதில் சிப் அமைப்பு வேறு மாதிரி, உங்களுடையது போன்ற இன்டெல் போர்டு அதைச் சரியாக அடையாளம் காணாது. கழற்றி விற்கும் பழைய ராம், பிராண்ட் லேபிளோடு கிடைத்தால் அதுவே மேல். போட்டதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2 டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத விலைக்கு வந்தாலும் இதே கதைதான்: அளவைப் பொய்யாகக் காட்டும், நிறைந்ததும் ஃபைல் அழியும். உண்மையான அளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டினால் வெளிச்சமாகிவிடும்.

ஈப்போ_பழுது:
ஐ5-4570 அதே 1150 சாக்கெட், உட்காரும். 54 வாட்டிலிருந்து 84 வாட்டாகும், 290 வாட் பவர் சப்ளை தாங்கும். ஆனால் விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை புரொசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கும், ஐ5-4570 நான்காம் தலைமுறைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ரூஃபஸ் என்ற புரோகிராமை வைத்து இந்தச் சோதனையைத் தாண்டி 11 போடலாம், ஓடவும் ஓடும். ஆனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் என்ன ஆகும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தராது. டெலிமா பிரவுசரில்தான் திறக்கிறது என்பதால் என் வோட்டு விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மின்ட்டுக்கு. எக்செலுக்கு லிப்ரே ஆபிஸ், மேக்ரோ இருந்தால் மட்டும் இடிக்கும்.

ஐ5-ஐ இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அதற்குப் பதிலாகப் புரொசசர் மேலிருக்கும் ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுசு வையுங்கள். கழற்றும் முன் ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் பேஸ்ட் இளகும், இல்லையென்றால் ஹீட் சிங்க் கெட்டியாக ஒட்டிக்கொண்டு கழற்றக் கஷ்டமாகும்.

பத்தாங்_பாலி:
ஒன்று யாரும் சொல்லவில்லை. தோட்டப் பக்கத்தில் பின்னால் திறந்து கிடக்கும் ஸ்லாட் மூடி வழியாகப் பல்லியும் எறும்பும் உள்ளே போகும். பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்தால் ஷார்ட்தான். மூடி இல்லாத ஸ்லாட்டை அடைத்துவிடுங்கள். மழைக்கு முன் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்குங்கள், இடி டெலிபோன் லைன், மோடம் வழியாகவும் வரும். பவர் சப்ளை போனால் கடையில் வாங்கும் ஏடிஎக்ஸ் (பொது வகை பவர் சப்ளை) நேராகப் பொருந்தாது. 3020 போர்டுக்குப் போவது 8 பின். 24-லிருந்து 8-க்கு மாற்றும் கேபிளைச் சேர்த்துக் கேளுங்கள்.