வார்னிஷ் அடித்ததும் வீரர்கள் வெளுத்துப்போனார்கள், காப்பாற்ற வழி உண்டா?

நண்பர்களே, ஒரு அவசர உதவி. 1815 வாட்டர்லூ போருக்காக 28 மி.மீ. அளவில் பிரெஞ்சு காலாட்படை வீரர்கள் 24 பேரை மூன்று வாரமாக வண்ணம் தீட்டினேன். எல்லாம் பிளாஸ்டிக் பொம்மைகள், அக்ரிலிக் பெயின்ட். கடைசியாக மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். அன்று மழை ஈரம் என்று தெரிந்தும் அவசரப்பட்டுவிட்டேன், தப்பு என்னுடையதுதான். காய்ந்து பார்த்தால் நீலக் கோட்டெல்லாம் சாம்பல் பூசியதுபோல் வெள்ளைப் படலம். வெள்ளைக் குறுக்குப் பட்டைகளில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை, அவற்றுக்குக் கொடுத்துவைத்தது!

ஒரு வீரனுக்கு மட்டும் கிளாஸ் (gloss, பளபளப்பான) வார்னிஷைத் தூரிகையால் தடவிப் பார்த்தேன். நீலம் பெரும்பாலும் திரும்பிவிட்டது, ஆனால் ஆள் எண்ணெய் தேய்த்துக் குளித்தவன்போல் மினுக்குகிறான். கோட்டு மடிப்புகளுக்குள் இன்னும் வெள்ளை இருக்கிறது.

இதன்மேல் தூரிகையால் மேட் வார்னிஷ் பூசினால் சரியாகுமா, இல்லை படலம் மறுபடி வருமா? மடிப்புகளுக்குள் கருநீல வாஷ் (நீர்த்த பெயின்ட்) விட்டால் மறையுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பெயின்டை முழுக்க உரிப்பது கடைசி வழி. அசிட்டோன் பக்கம் போகமாட்டேன், பொம்மைகளின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கரைந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் எவ்வளவு நேரம் ஊறவைப்பீர்கள்? துப்பாக்கி, கைகளை ஒட்டியது பிளாஸ்டிக் சிமென்ட் (பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டும் பசை), ஆனால் முதுகுப்பைகள் சூப்பர் குளூவில் நிற்கின்றன. அவை கழன்றுவிடுமோ என்றுதான் பயம்.

அப்புறம், அடுத்த 24 பேருக்கும் ஸ்பிரேயே வேண்டாம் என்று நினைக்கிறேன். சரிதானே?