எம்ஜிபி கியர்பாக்ஸ் இரைச்சல்: லே கியரை மட்டும் மாற்றலாமா?

பழைய பிரிட்டிஷ் கார் வேலை தெரிந்தவர்களின் ஆலோசனை வேண்டும். வண்டி 1965 எம்ஜிபி. முதல் கியருக்கு சிங்க்ரோ (மாற்றும்போது கியர் வேகங்களை ஒத்திசைக்கும் அமைப்பு) இல்லாத பழைய கியர்பாக்ஸ், ஓவர்டிரைவ் கிடையாது.

1, 2, 3-ல் இரைச்சல், நான்காவதில் அமைதி. நான்காவது நேரடி டிரைவ். லே கியர் (அசையாத லே ஷாஃப்ட்டின்மேல், நீடில் ரோலரில் சுற்றும் கியர் தொகுதி) சுற்றினாலும் அதன்மேல் சுமை ஏறாது. அதனால் சந்தேகம் அங்கேதான் போனது. நியூட்ரலிலும் லேசான உறுமல். கிளட்ச்சை மிதித்தால் நிற்கிறது.

இந்த வண்டியில் எஞ்சினோடு சேர்த்துத்தான் கியர்பாக்ஸை இறக்க முடியும். எனவே மறுபடி பிரிக்கத் தேவையில்லாதபடி முடிக்க வேண்டும். திறந்து பார்த்ததில் நீடில் ரோலர் ஓடும் இடத்தில் லே ஷாஃப்ட்டின் கடின மேற்பரப்பு உரிந்து குழி குழியாக இருக்கிறது, நகம் மாட்டும் அளவுக்கு. உதிர்ந்த துகள் ஆயிலில் கலந்து மற்ற பேரிங்குகளையும் அரித்திருக்கும். ஆகவே ஷாஃப்ட், நீடில் பேரிங், இன்புட் பேரிங், மெயின் ஷாஃப்ட் பேரிங், த்ரஸ்ட் வாஷர், சிங்க்ரோ வளையம் எல்லாம் புதிதுதான். ஆயில் 20டபிள்யூ-50.

தெரிய வேண்டியவை: லே கியரின் உட்துளையும் தேய்ந்திருக்கிறது. புது லே கியர் போட்டால், பழைய மெயின் ஷாஃப்ட் கியர்களோடு பல் ஒட்டாமல் ஊளைச் சத்தம் வருமா? லே கியரின் எண்ட் ஃப்ளோட்டை (ஷாஃப்ட்டின்மேல் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி) 0.002–0.003 அங்குலத்துக்குள் கொண்டுவர, தடிமன் வாரியாக த்ரஸ்ட் வாஷர் எங்கே கிடைக்கும்? எல்லா கியர்களையும் செட்டாக மாற்றியவர்கள், லே கியரை மட்டும் தனியாக மாற்றியவர்கள் இருவருமே சொல்லுங்கள்.