பதில்: ‘ஷில் பிட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். இணைய ஏலத்தில் பொருள் வாங்குபவர்களுக்காக நாம் தயாரிக்கும் கையேட்டில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. விற்பவரோ அவருடைய ஆளோ வாங்குபவர் போல நுழைந்து விலையை ஏற்றிவிடுவதை ‘ஷில் பிட்டிங்’ என்று ஒலிபெயர்த்து வைத்தால், ஏமாந்தவருக்குத் தனக்கு என்ன நடந்தது என்றே புரியாது. வந்த பரிந்துரைகளுக்குக் கீழேயே என் பதில்களைத் தருகிறேன்.

> ‘போலி ஏலம்’ போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். இல்லாத பொருளைக் காட்டிப் பணம் பறிப்பதுதான் போலி ஏலம். நாம் பேசும் விஷயத்தில் பொருள் உண்மை, ஏலமும் உண்மை. கேட்கிறவர்களில் ஓர் ஆள்தான் பொய். ஆகவே ‘ஏலம்’ என்பதோடு அடைமொழி சேர்ப்பது சரிவராது; ‘பிட்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். நாம் ஏலம் ‘கேட்கிறோம்’. ‘கேள்வி’ என்றால் வினா என்றாகிவிடும். ‘கேட்பு’ நன்றாக நிற்கிறது. கேட்பு வரைவோலை என்று வங்கியில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தான்.

> ‘பதிலிக் கேட்பு’ என்று வைக்கலாமா? இன்னொருவருக்குப் பதிலாகத்தானே கேட்கிறார்?

இது வேண்டாம் அம்மா. ‘பிராக்சி’க்குப் பதிலி என்பது கணினித் தமிழில் நிலைபெற்றுவிட்டது. இணைய ஏலத்தில் ‘பிராக்சி பிட்’ என்று நேர்மையான ஒரு வசதியே இருக்கிறது. நம்முடைய உச்ச விலையைக் கொடுத்துவிட்டால், அடுத்தவர் கேட்டதைவிட ஒரு படி மட்டும் மேலே போய்த் தளமே நமக்காகக் கேட்கும். அதற்குத்தான் ‘பதிலிக் கேட்பு’ வேண்டும். ஏமாற்றுக்காரர் குறிவைப்பதும் இந்த வசதியைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேடே குழம்பிவிடும்.

> பினாமிக் கேட்பு?

ஐயா, இதில் எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது. ஆனால் பினாமி வைத்துக் கேட்பவருக்கு அந்தப் பொருள் வேண்டும், பெயர் மட்டும்தான் வெளியே தெரியக்கூடாது. நம் ஆளுக்கோ பொருளே வேண்டாம். ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கிறார். தப்பித்தவறி அவரே ஜெயித்துவிட்டால்தான் விற்பவருக்குத் தலைவலி.

> உசுப்பேற்றுவது தானே வேலை? ‘உசுப்புக்கேட்பு’!

இழையிலேயே அழகான சொல் இதுதான். படித்தவுடன் மனதில் ஒட்டிக்கொண்டது. விட மனமில்லாமல்தான் விடுகிறேன். ஏலத்தில் உண்மையான போட்டியாளர் கேட்டாலும் நமக்கு உசுப்பேறத்தான் செய்கிறது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லையே!

என் பரிந்துரை ‘கள்ளக்கேட்பு’. கள்ள ஓட்டு, கள்ள நோட்டு, கள்ளச்சாவி எல்லாம் இருக்கிற வரிசையில் இதுவும் இயல்பாக உட்காருகிறது. குறிப்பாகக் கள்ள ஓட்டோடு உறவு நெருக்கம்: வேறொருவர் பெயரில் உள்ளே போய், முடிவைத் தனக்குச் சாதகமாகத் திருப்புவது. கள்ளக்கேட்பாளர், கள்ளக்கேட்பு போடுவது என்று தடங்கலில்லாமல் விரிகிறது.

இதில் கள்ளம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. தானும் கேட்கும் உரிமையை விற்பவர் முன்கூட்டியே வெளிப்படையாக வைத்துக்கொண்டால், அவர் கேட்கலாம். சொல்லாமல் தானே கேட்டாலோ, ஆள் வைத்துக் கேட்டாலோ வாங்கியவர் அதை மோசடியாகக் கொள்ளலாம். விலையை உயர்த்தப் பாசாங்காகக் கேட்டிருந்தால், வாங்கியவர் விரும்பினால் விற்பனையை ரத்து செய்யலாம். பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது. ஆக, விற்பவர் கேட்டார் என்பதைவிட மறைத்துக் கேட்டார் என்பதுதான் குற்றம். ‘கள்ள’ என்ற அடைமொழி அதைச் சரியாகச் சொல்கிறது.

‘விற்பவரே கேட்பது’ என்று வரையறையைச் சுருக்கிவிடவும் கூடாது. 2000 மே மாதம் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில், அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்ததோ என்று எண்ணவைக்கும் ஓர் ஓவியம் 25 சென்ட்டில் தொடங்கி 1,35,805 டாலர் வரை போனது. விற்றவர் தானே வேறு கணக்கிலிருந்து கேட்டது தெரிந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. அந்த விற்றவர் உட்பட மூன்று பேர் 40க்கும் மேற்பட்ட கணக்குப் பெயர்களை வைத்துக்கொண்டு, ஒருவர் பொருளுக்கு இன்னொருவர் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று 2001இல் வழக்குப் பதிவானது. நண்பர்கள் மாற்றி மாற்றிச் செய்துகொள்ளும் இந்த உதவியும் கள்ளக்கேட்புதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

ஏன் என்று சொல்ல, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தளத்தில் பழைய கேமரா லென்ஸ் ஒன்றுக்குப் பதிலிக் கேட்பு போட்டிருந்தேன். என் உச்ச விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 40இல் நின்றது. புதுக் கணக்கு ஒன்று வந்து 45, 50, 55 என்று ஏறி, 105இல் என்னைத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் ‘தொகையைத் தவறாக அடித்துவிட்டேன்’ என்று தன் கேட்புகளை எல்லாம் திரும்பப் பெற்றது. என் உச்சம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் 97 கேட்டுவிட்டு நின்றுகொண்டது. நான் 98 கொடுத்து வாங்கினேன்.

கோபத்தில் விற்பவரின் மதிப்பீட்டுப் பக்கத்திலேயே ‘ஆள் வைத்து ஏமாற்றுகிறார்’ என்று எழுதினேன். நிரூபிக்காத குற்றச்சாட்டு என்று தளம் அதை நீக்கிவிட்டது. தளத்துக்கு அனுப்பிய புகாரிலும் என் ஆத்திரம் முழுக்க இருந்தது. பொருளின் எண்ணும் கேட்ட நேரங்களும் இல்லை. பதில் வரவில்லை. அந்த லென்ஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இன்னும் மனம் கசக்கிறது.

அன்று நான் கண்டது ஓர் ஒழுங்கு மட்டுமே. கணக்கு புதிது, சிறுசிறு படியாக ஏறியது, கேட்டதைத் திரும்பப் பெற்றது, ஒரு படி முன்னால் நின்றது. அந்தக் கணக்கு விற்பவருடையது என்பது என் ஊகம். ஒவ்வொரு அடையாளத்துக்கும் குற்றமில்லாத காரணமும் இருக்க முடியும். பதிலிக் கேட்பு வசதியைத் தெரியாத புதியவர் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பார். அரிய பொருள் சேகரிப்பவர் ஒரே விற்பனையாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது வழக்கம். இரு கணக்குகளும் ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐபி முகவரியிலிருந்து) வருகின்றனவா, ஒரே பணக் கணக்கோடு கட்டியிருக்கின்றனவா என்று பார்க்கத் தளத்தால் மட்டுமே முடியும்.

அதனால் வாங்குபவர் நிலையில் சொல்ல ஒரு சொல், விசாரித்து உறுதியான பின் சொல்ல ஒரு சொல். பின்னதுதான் கள்ளக்கேட்பு. முன்னதற்கு முதலில் ‘ஐயக்கேட்பு’ என்று யோசித்தேன். ஐயம் என்றால் பிச்சை என்றும் பொருள் உண்டே, பிச்சை கேட்பதுபோல ஆகிவிடும் என்று வீட்டில் சுட்டிக்காட்டினார்கள். நியாயம்தான். பேசாமல் ‘சந்தேகக் கேட்பு’ என்றே வைத்துவிடலாம். பாமரருக்கும் புரியும்.

இந்தப் பிரிவு வந்துவிட்டால் கையேட்டின் மூன்றாம் பகுதியை இப்படி எழுதலாம் என்பது என் எண்ணம்:

“சந்தேகக் கேட்பு கண்ணில் பட்டால் விற்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பொதுவில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள். கேட்பு வரலாற்றைத் திறந்து, பொருளின் எண், கேட்ட நேரங்கள், தொகைகள், திரும்பப் பெற்றவை எல்லாம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துத் தளத்துக்கு அனுப்புங்கள். புகாரில் கண்டதை மட்டும் எழுதுங்கள். ஏலம் இன்னும் முடியவில்லை என்றால் உச்ச விலையை உயர்த்தாதீர்கள். அடுத்த முறை உச்ச விலையைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ஏலம் முடியும் கடைசி நொடிகளில் ஒரே முறை கேளுங்கள். உங்கள் உச்சத்தைத் துழாவிப் பார்க்க எதிராளிக்கு நேரம் இருக்காது.”

ஏலத்தில் தோற்ற பிறகு ‘ஜெயித்தவர் வாங்கவில்லை, நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறோம்’ என்று வரும் இரண்டாம் வாய்ப்பு அழைப்பைப் பற்றியும் அங்கே ஒரு பத்தி வேண்டும். கள்ளக்கேட்பாளர் தவறி ஜெயித்துவிட்டால் விற்பவர் அடுத்துத் தேடி வருவது நம்மைத்தான். சந்தேகக் கேட்புகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் விலை எங்கே நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்குமேல் கொடுக்க வேண்டியதில்லை. அழைப்பு தளத்துக்கு வெளியே மின்னஞ்சலில் வந்து, பணத்தை நேரடியாக அனுப்பச் சொன்னால் தொடவே கூடாது.

> ஏலம் விடுபவர் சுவரைப் பார்த்து ‘அங்கே ஒருவர் கேட்கிறார்’ என்பாரே, அதுவும் கள்ளக்கேட்பா?

ஆளே இல்லாமல் ஏலம் விடுபவரே இட்டுக்கட்டுவதைத் தனியாக ‘வெற்றுக்கேட்பு’ எனலாம். ஆங்கிலத்தில் கூரையில் தொங்கும் சரவிளக்கின் பெயரால் சொல்கிறார்கள். நம் கையேட்டில் இது ஓரிடத்தில்தான் வருகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்குத் தீரவில்லை. தளத்தில் புகார் பொத்தானின் மேல் எந்தச் சொல் இருக்க வேண்டும்? அதை அழுத்துபவருக்குத் தெரிவது சந்தேகம்தான். ஆனால் தளத்தின் விதி தடைசெய்வது கள்ளக்கேட்பை. பொத்தானில் ‘சந்தேகக் கேட்பைத் தெரிவிக்க’ என்றும் விதியில் ‘கள்ளக்கேட்பு’ என்றும் வைத்தால் சரியாக இருக்கும் என நினைக்கிறேன். இடைமுகத் தமிழாக்கத்தில் இருக்கும் நண்பர்கள், இடம் போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். மறுப்பு வரவில்லை என்றால் மூன்றாம் பகுதியில் மாற்றத்தை இந்த வாரமே தொடங்கிவிடுகிறேன்.