மேலவீதி வீடு: ஞாயிறு தொட்டில்

வியாழன், மாலை 6.10

அருண்: கடைல நிக்கிறேன். திவ்யா குழந்தைக்குத் தாய்மாமன் சீர் தட்டுல துணி டயாபர் வைக்கலாம்னு. ஃப்ரீசைஸ் 12 போதுமா? 8 மணிக்குக் கடை சாத்திருவாங்க

சுந்தர் மாமா: கலர் கலரா எடுடா

பெரியம்மா: எதுக்கு இவ்ளோ செலவு. பீரோல காட்டன் புடவை 6 மடிச்சு வெச்சிருக்கேன். கிழிச்சா லங்கோடு

அம்மா: ஆமா அக்கா நாளைக்குக் கொண்டு வந்துருங்க

மாலதி சித்தி: அருண் பில் போடாத. குழந்தை எடை 2.8 கிலோ. ஃப்ரீசைஸ்னு எழுதியிருந்தாலும் 5 கிலோ தாண்டினாதான் ஒழுங்கா உக்காரும். அதுக்கு முன்னாடி தொடை ஒல்லியா இருக்கும், எலாஸ்டிக்குக்கும் தொடைக்கும் நடுவுல இடைவெளி விழும், எல்லாம் பக்கவாட்டுல வழியும். அப்புறம் துணி டயாபரே சரியில்லன்னு தூக்கி மூலைல போட்டுருவாங்க. இப்போதைக்கு லங்கோடுதான். பொறந்த குழந்தை ஒரு நாளைக்கு 12, 15 தடவை நனைக்கும். ஐப்பசி மழைல காய ஒரு நாள் கூடுதலா ஆகும். அதனால 30 வேணும்

அருண்: 30ஆ

ரம்யா: 36னா நிம்மதி. மழைல எனக்கு 24 பத்தவே இல்ல

மாலதி சித்தி: அக்கா, அந்த பீரோல பாச்சா உருண்டை போட்டிருக்கீங்களா?

பெரியம்மா: போடாம? பூச்சி அரிச்சிராதா

மாலதி சித்தி: அப்ப அந்தப் புடவை குழந்தை பக்கமே வரக்கூடாது. லங்கோடும் வேண்டாம், தூளியும் வேண்டாம். அந்த உருண்டைல இருக்கறது நாப்தலீன். துணில ஏறி, மூச்சு வழியாவும் தோல் வழியாவும் உள்ள போகும். எண்ணெய் தேய்ச்ச உடம்புன்னா இன்னும் சுலபமா இழுத்துக்கும். ஜி6பிடின்னு ஒரு நொதி குறைவா இருக்கற குழந்தைக்கு ரத்தச் சிவப்பணு உடைஞ்சு காமாலை மடமடன்னு ஏறும். ரொம்ப ஏறினா மூளையைத் தாக்கும். ஆண் குழந்தைங்களுக்குத்தான் இந்தக் குறைபாடு அதிகம் வரும். நம்ம பையனுக்கு அந்த டெஸ்ட் எடுத்தாங்களா இல்லையான்னே தெரியல

திவ்யா: சித்தி இவனுக்கு லேசா மஞ்சள் இருக்கு. சனிக்கிழமை மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க

அம்மா: ஐயோ

பெரியம்மா: துவைச்சு வெயில்ல போட்டா போயிராதா

மாலதி சித்தி: வாசனை குறையும் அக்கா. முழுசா போச்சான்னு மூக்கு சொல்லாது. வெயிலும் எங்க இருக்கு இப்ப

பெரியம்மா: சரி. வளைகாப்புக்கு நான் எடுத்த புடவையும் யாரும் கட்டல

சுந்தர் மாமா: அக்கா அது வேற விஷயம்

அம்மா: திவ்யாவுக்கு அந்தக் கலர் பிடிக்கும்க்கா, ப்ளவுஸ்தான் வந்து சேரல

கார்த்தி: அத்தை, எங்க அம்மா ஞாயித்துக்கிழமை ஃபங்ஷனுக்கு ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடற கடை டயாபர் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வர்றாங்க

மாலதி சித்தி: வரட்டும் மாப்ள. அன்னைக்கு ஒரு மூணு மணி நேரம், அப்புறம் ஆஸ்பத்திரி போகும்போது, தப்பே இல்ல. வீட்ல இருக்கறப்ப லங்கோடு போட்டா எத்தனை தடவை நனைச்சான்னு கண்ணுக்குத் தெரியும். அஞ்சாம் நாளுக்கு மேல ஒரு நாளைக்கு 6 தடவையாவது நனைச்சாதான் பால் பத்துதுன்னு அர்த்தம். காமாலை இருக்கற குழந்தைக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம் திவ்யா, எழுதி வை

திவ்யா: நேத்து 7

மாலதி சித்தி: நல்லது

பெரியம்மா: மாடிக் கொடில தினமும் கட்டற வாயில் புடவை ரெண்டு கிடக்கு. அது பீரோவுக்கே போனதில்ல. அதுவும் ஆகாதா

மாலதி சித்தி: அதுதான் அக்கா வேணும்! கட்டிக் கட்டி நைஞ்ச வாயில் மாதிரி எதுவும் உறிஞ்சாது. புதுத் துணில கஞ்சிப் பசை இருக்கும், அஞ்சாறு தடவை அலசினாதான் தண்ணி ஏறும். பார்டரையும் ஜரிகையையும் வெட்டி எறிஞ்சிருங்க, உறுத்தும். அகலத்தை ரெண்டா வெட்டி, நீளத்துல அதே அளவுக்கு வெட்டிட்டே போனா ஒரு புடவைல 18 சதுரம் வரும். ரெண்டு புடவைக்கு 36

ரம்யா: கணக்கு முடிஞ்சுது

சுந்தர் மாமா: சமையல்காரர் கேக்கறார். 40 இலையா 60 இலையா

அம்மா: சுந்தர் அப்புறம்

அம்மா: மாலதி, பின் குத்தலாமா

மாலதி சித்தி: ஊக்கே வேண்டாம். முக்கோணமா மடி. நீளப் பக்கம் இடுப்புக்குக் கீழ. ஒரு சின்னத் துணியை நீளவாக்குல நாலா மடிச்சு நடுவுல வை, ஈரம் அங்கதான் இறங்கும். ஆண் குழந்தைக்கு அந்த மடிப்பு முன்பக்கம் கொஞ்சம் தடிமனா இருக்கணும். கீழ் முனையை மேல கொண்டு வந்து, துணியோட ரெண்டு பக்க முனையையும் பக்கவாட்டுல முடிச்சு போடு. முதுகுப் பக்கம் முடிச்சு வந்தா குத்தும். தொப்புள்கொடி விழற வரைக்கும் துணி தொப்புளுக்குக் கீழயே நிக்கணும், ஈரம் படக்கூடாது. கால் தவளை மாதிரி விரிஞ்சு மடங்கணும், இழுத்துச் சேத்துக் கட்டினா இடுப்பு மூட்டுக்குக் கெடுதல்

அம்மா: டெட்டால்ல ஊறப் போட்டுட்டிருக்கேன்

மாலதி சித்தி: நிறுத்துங்க அக்கா. டெட்டால் மிச்சம் துணில தங்கி தோலை எரிக்கும். மலம் போனா உடனே பச்சத்தண்ணில அலசணும், சுடுதண்ணில முதல்லயே போட்டா கறை பிடிச்சுக்கும். அப்புறம் சோப்புத்தூள், சுடுதண்ணி, கடைசில நுரை போற வரைக்கும் அலசல், மூணு தண்ணியாவது

ரம்யா: அந்த வீட்டு போர் தண்ணி உப்புத் தண்ணி சித்தி. பார் சோப் போட்டா அவ்ளோதான்

மாலதி சித்தி: ஆமா, அது முக்கியம். உப்புத் தண்ணில இருக்கற கால்சியமும் பார் சோப்பும் சேந்து வெள்ளை வெள்ளையா படியும். துணி அட்டை மாதிரி விறைக்கும், மூத்திரம் உள்ள இறங்காம மேலயே உருண்டு ஓடும். அதனால தூள்தான். கடைசி அலசலுக்கு மட்டும் கார்ப்பரேஷன் தண்ணி பிடிச்சு வைங்க. கம்ஃபர்ட் மாதிரி துணியை மெதுவாக்கற எதுவும் ஊத்த வேண்டாம், அதுவும் இழைல படிஞ்சு உறிஞ்சறதைக் கெடுக்கும். சந்தேகமா இருந்தா காஞ்ச துணில ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்து மாதிரி நின்னா படிஞ்சிருக்குன்னு அர்த்தம்

அம்மா: மழைல காயலைன்னா

ரம்யா: ஃபேன் அடில கொடி கட்டு சித்தி. லேசா ஈரம் இருக்கறப்பவே அயர்ன் பண்ணா சூட்டுல முழுசா காஞ்சிரும்

அருண்: மணி 7.20. நான் என்ன வாங்கட்டும்

மாலதி சித்தி: ரப்பர் ஷீட் 2. தைச்ச மஸ்லின் லங்கோடு ஒரு டஜன். பாக்கெட் டயாபர், அதான் உள்ள பேடு சொருகற துணி டயாபர், ஆசைன்னா 2 மட்டும் எடு, மூணு மாசம் கழிச்சுப் போட்டுப் பார்த்து, தொடைக்கு ஒத்து வந்தா அதே மாதிரி 10 சேத்துக்கலாம். உள்ள போடற பேடு காட்டனா கேளு, விரிச்சுக் காயப்போடற மாதிரி. மூங்கில் நல்லா உறிஞ்சும், ஆனா இந்த மழைல ரெண்டு நாளாகும். மைக்ரோஃபைபர் சீக்கிரம் காயும், அதை நேரா தோல்ல வைக்கக்கூடாது, தோல் ஈரத்தையும் சேத்து இழுத்து வறண்டு போகும். வெளி உறையை அயர்ன் பண்ணாதீங்க, கொதிக்கற தண்ணியும் ஆகாது. உள்ள இருக்கற பூச்சு உரிஞ்சிரும்

அருண்: சீர்த் தட்டுல ரெண்டே ரெண்டா வைக்கறது

சுந்தர் மாமா: சபைல நல்லாருக்காதுடா. 6 வை

கார்த்தி: சீர் எல்லாம் நாங்க எதிர்பாக்கல மச்சான்

அம்மா: மாப்ள நீங்க சும்மா இருங்க

ரம்யா: வெள்ளிக்கிழமை ராத்திரி உழவன் ரயில்ல வர்றேன். என்கிட்ட நல்ல பாக்கெட் டயாபர் 4 இருக்கு, எலாஸ்டிக் தளரல. கொண்டு வரவா?

திவ்யா: கொண்டு வா

பெரியம்மா: நான் இப்பவே வாயிலை வெட்ட உக்காந்துட்டேன். ஓரம் மடிச்சுத் தைக்கணுமா

மாலதி சித்தி: தைக்க வேண்டாம் அக்கா, தையல் தடிச்சு உறுத்தும். நூல் நீட்டிட்டு இருந்தா மட்டும் கத்தரிச்சிருங்க, விரல்ல சுத்திக்கும்

பெரியம்மா: சரி. குழந்தைக்கு என் புடவைதான் முதல்ல

திவ்யா: ஆமா பெரியம்மா ❤️

அருண்: அப்ப 2ஆ 6ஆ

சுந்தர் மாமா: 40ஆ 60ஆ யாராவது சொல்லுங்கப்பா