குடும்பக் குழு: அப்பப்பாவின் றங்குப்பெட்டியில் இருந்த தாள்கள்

அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். அப்பப்பா மலாயாவிலிருந்து கொண்டுவந்த றங்குப்பெட்டியை இன்று துப்புரவாக்கினோம். அடியில் இருந்த கடித உறையொன்றுக்குள் வாழைமரப் படமுள்ள பத்து டொலர்த் தாள்கள் ஒரு கட்டும், வேறு நாட்டுத் தாள்கள் சிலவும் இருந்தன. படங்களை மேலே போட்டிருக்கிறேன். பெரியப்பா, இவற்றுக்கு இப்போது பெறுமதி உண்டா?

தம்பி:
இதே வாழைமரத் தாளை இணையத்தில் ஒருவர் மிகப் பெரிய விலைக்குப் போட்டிருக்கிறார். அப்படியானால் முழுக் கட்டுக்கும் எவ்வளவு கிடைக்கும் பெரியப்பா?

பெரியப்பா:
தம்பி, ஒருவர் கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஏலம் முடிந்து, வாங்கியவர் உண்மையில் கொடுத்த விலை எதுவோ அதுதான் பெறுமதிக்குச் சாட்சி. அதற்கும் முன்பாக, தாளை வெளியிட்டது யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாழைமரத் தாளின் மேற்பகுதியை வாசித்துப் பார். வங்கி எதனுடைய பெயரும் இராது. யப்பானிய அரசாங்கம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். 1942 முதல் 1945 வரை மலாயாவைப் பிடித்து வைத்திருந்த யப்பானியப் படை நிர்வாகம் வெளியிட்ட பணம் இது. கையிருப்பு எதுவும் இல்லாமல் வேண்டிய மட்டும் அச்சிட்டதால் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. பிரித்தானியர் திரும்பி வந்ததும் இந்தப் பணம் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள வழியில்லாமல் சனங்கள் பெட்டிகளில் போட்டு வைத்ததால்தான் இன்றும் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. அதனாலேயே விலையும் மிகக் குறைவு.

ஆனாலும் கட்டை அப்படியே தள்ளி வைக்க வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் எம் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது மலாயாவுக்கான குறி. பர்மாவுக்கு பி, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு எஸ். முதலில் வந்த மலாயாத் தாள்களில் இந்த எழுத்துகளோடு தொடரெண்ணும் இருந்தது, பிறகு எண்ணைக் கைவிட்டு எழுத்துகளை மட்டும் அச்சிட்டார்கள். எண்ணுள்ள தாள் அரிது, அதன் விலையும் வேறு. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லு பிள்ளை.

அக்கா:
எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் பெரியப்பா. எழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றன, ஒன்றிலும் எண் இல்லை. கபில நிறத்தில் ஆயிரம் மார்க் என்று ஒரு ஜேர்மன் தாளும் இருக்கிறது. அதில் 1910 ஏப்ரல் 21 என்ற திகதி உள்ளது. நூறு வருடத்துக்கும் மேற்பட்டது அல்லவா?

பெரியப்பா:
பழமை வேறு, அருமை வேறு. அந்தத் திகதியை மாற்றாமலே முதலாம் உலகப் போருக்குப் பின்னரும் அச்சிட்டார்கள். முத்திரைகள் பச்சையாக இருந்தால் அது போருக்குப் பின் அச்சான தாள். 1923 இல் மார்க்கின் பெறுமதி அடியோடு விழுந்தபோது இவை வெறும் காகிதமாகிவிட்டன. உலகத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் பழைய தாள்களில் இதுவும் ஒன்று.

சித்தி:
அத்தான், தாள்கள் மடிந்தும் அழுக்காகவும் தெரிகின்றன. சற்று ஈரத் துணியால் துடைத்து, மெல்லிய சூட்டில் இஸ்திரி போட்டால் நல்ல விலை கிடைக்காதா?

பெரியப்பா:
தயவுசெய்து அப்படி எதையும் செய்ய வேண்டாம். கழுவிய தாளில் மை மங்கும், காகிதம் தன் விறைப்பை இழக்கும். இஸ்திரி போட்டால் எழும்பி நிற்கும் அச்சு தட்டையாகிவிடும். அனுபவமுள்ளவர் விரலால் தடவியே கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார். கிழிசலுக்கு ஒட்டுநாடா போடுவது அதைவிடக் கேடு. ஒரே தாள் மடிப்பே இல்லாமல் இருக்கும்போது ஒரு விலை, நடுவில் ஒரு மடிப்பு விழுந்தால் இன்னொரு விலை, குண்டூசித் துளையோ பூஞ்சணமோ இருந்தால் அதற்கும் கீழே. கொழும்பின் கடற்காற்றுக்கு அலுமாரி மூலை ஆகாது. மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும்; பொலியெஸ்டர் உறைகளை வாங்கிப் போடுங்கள்.

மாமி:
அண்ணா, நான்காவது படத்தில் முத்திரை போன்ற ஒரு சிறிய தாள் தெரிகிறதே, அது என்ன? நடுவில் துளை வரிசையும் இருக்கிறது.

பெரியப்பா:
எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த தாள் அதுதான். அது இலங்கையின் ஐந்து சதத் தாள், 1942 ஜூன் 1 எனத் திகதியிட்டது. போர்க்காலத்தில் நாணயம் வார்க்க உலோகம் தட்டுப்பாடாக இருந்தபடியால் சதங்களையும் தாளில் அச்சிட்டார்கள். இதில் ஒரு பாதி இரண்டு சதம், மறு பாதி மூன்று சதம். துளை வரிசையில் கிழித்துத் தனித்தனியே கொடுக்கலாம். கிழிக்கப்படாத முழுத் தாள் நம்மிடம் இருக்கிறது. ஆயிரம் மார்க்கையும் வாழைமரக் கட்டையும்விட இந்த ஐந்து சதத்தைத்தான் நான் மேலாக மதிப்பேன். கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நம் நாட்டுப் பழைய தாள்களைப் பார்க்கலாம்.

மாமி:
ஐயா மலாயாவில் அகப்பட்டிருந்த அந்த வருடங்களில் அம்மா ஊரில்தான் இருந்தார். இந்தச் சதத் தாள் அம்மாவினுடையதாகத்தான் இருக்கும். இதை விற்க எனக்கு விருப்பமில்லை.

பெரியப்பா:
எனக்கும் விருப்பமில்லை. பெறுமதியை அறிந்து எழுதி வைப்போம், அது போதும்.

தம்பி:
சிவப்பு எழுத்துகள் மேலே அச்சான இந்திய ரூபாய்த் தாள் ஒன்றும் இருக்கிறதே?

பெரியப்பா:
அதைத்தான் ஆறுதலாக ஆராய வேண்டும். 1945 இல் பர்மாவைத் திரும்பப் பிடித்த பிரித்தானியர், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் படமுள்ள இந்தியத் தாள்களின் மேல் பர்மா இராணுவ நிர்வாகம் என்றும், பர்மாவில் மட்டும் செல்லும் என்றும் சிவப்பில் அச்சிட்டு வெளியிட்டார்கள். சாதாரண இந்தியத் தாளில் பின்னாளில் அந்த வரிகளைப் போலியாகப் பதித்து விற்பவர்களும் உண்டு. ஆகவே எழுத்தின் வடிவம், வரிகள் அமைந்த இடம், மை காகிதத்தில் இறங்கியிருக்கும் விதம் ஆகியவற்றை உண்மையான தாளோடு ஒப்பிட வேண்டும்.

அல்பேர்ட் பிக் என்ற ஜேர்மானியர் உலகத் தாள்களை நாடு நாடாக வகுத்து எண் கொடுத்திருக்கிறார். கையொப்பமோ திகதியோ மாறினால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றெழுத்துச் சேரும். அந்த எண்ணையும் எழுத்தையும் தாளின் நிலையையும் சரியாகக் குறித்துக்கொண்டால்தான் ஏலங்களில் முடிந்த விலைகளைப் பொருத்தமாகத் தேடலாம். வெறுமனே பழைய பத்து ரூபாய் என்று தேடினால் நூறு விதமான விலை வரும்.

சித்தி:
புறக்கோட்டைப் பக்கம் ஒரு கடைக்காரர், பார்க்காமலே முழு உறைக்கும் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்.

பெரியப்பா:
பார்க்காமல் விலை சொல்பவருக்கு நாம் பார்க்காமல் கொடுக்கத் தேவையில்லை.

அக்கா:
சரி பெரியப்பா. பர்மாத் தாளை ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குக் கொண்டு வருகிறேன்.

பெரியப்பா:
மடிக்காமல், இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டு வா. அதற்கு முன் இரு பக்கங்களையும் முழுதாக, ஓரங்கள் தெரியும்படி படம் எடுத்து எனக்குத் தனியே அனுப்பு. தொடரெண் தெரியும் படங்களை வேறு குழுக்களில் ஒருவரும் போட வேண்டாம்.