93.5 எந்த ஊர் ரேடியோ? மலையில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

பூம்பாறையிலிருந்து:

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் காய்கறியும் ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறேன். பூண்டு என்றால் வடுகபட்டிச் சந்தை, கேரட், பீன்ஸ் என்றால் ஒட்டன்சத்திரம். முதலாவதுக்கு வத்தலக்குண்டு மலைப்பாதை, இரண்டாவதுக்குப் பழனிப் பாதை. இரண்டும் பெருமாள்மலையில் பிரிகின்றன. வண்டியில் இருப்பது பழைய ரேடியோ மட்டும்தான், அதனால் எந்த வளைவில் எந்த நிலையம் வரும் என்பது கைக்கே பழகிவிட்டது.

மதுரையிலும் 93.5 இருக்கிறது, கோவையிலும் 93.5 இருக்கிறது. 98.3, 106.4 கதையும் அதேதான். ஒரே பெயர், ஒரே எண், ஊர்தான் வேறு. கீழே இருப்பவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. நடுவில் மலை மாதிரி நாங்கள்தான் நிற்கிறோம். பண்பலையில் ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால், மத்திய அலையில் வருவதுபோல ஒன்றின் மேல் ஒன்று கலந்து கேட்காது. வலுவானது மற்றதை அப்படியே அமுக்கிவிடும். தெற்குச் சரிவில் மதுரை ஜெயிக்கும், வடக்குச் சரிவில் கோவை.

ஒருநாள் பழனிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். மதுரை நிகழ்ச்சியில் ஒரு அம்மா மாமியார் தொல்லையைச் சொல்லி அழுகிறார். ஆர்.ஜே. ஆறுதலாக, "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்கம்மா" என்று ஆரம்பித்தார். வளைவு திரும்பியது. "ஆடித் தள்ளுபடி, காந்திபுரம் கிளையில் மட்டும்!" அடுத்த வளைவில் மறுபடியும் மதுரை. அதற்குள் அந்த அம்மா "ரொம்ப நன்றிங்க, இனிமே அப்படியே செய்றேன்" என்று போனை வைத்துவிட்டார். என்ன யோசனை சொன்னார்களோ, என் வீட்டுக்காரி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு அனுபவம் கொஞ்சம் கசப்பு. பெருமாள்மலையில் டீக்கடையில் நிற்கும்போது மதுரை நிலையம் ஒன்றின் போட்டியில் லைன் கிடைத்துவிட்டது. பதிலும் சரியாகச் சொன்னேன். "மதுரையில எந்த ஏரியா அண்ணா?" என்றது அந்தப் பிள்ளை. கொடைக்கானல் பக்கம் என்றதும் குரலில் ஒரு தயக்கம். பரிசு ஒரு ஹோட்டல் கூப்பன், ஆபீசுக்கு நேரில் வந்துதான் வாங்கவேண்டும். போய்வர ஆகும் பஸ் செலவை நினைத்து விட்டுவிட்டேன். கேட்பவன் என்ற கணக்கில் நாங்கள் வருகிறோமா, இல்லையா? இதுதான் என் கேள்வி. மற்ற ஊர்க்காரர்களும் எழுதுங்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து:

தம்பி, அந்தக் கணக்கை நான் சொல்கிறேன். இப்போது காபித் தோட்டம் பார்க்கிறேன், முன்பு மதுரையில் ஒரு தனியார் பண்பலையின் விளம்பரப் பிரிவில் இருந்தேன்.

டிவிக்கு வாரா வாரம் ரேட்டிங் வருவதுபோல ரேடியோவுக்கு வருவதில்லை. 2007-இல் ராம் என்று ஒரு அளவீடு தொடங்கினார்கள். வீடுகளில் டைரி கொடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்டோம் என்று எழுதச் சொல்லும் முறை. அது டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்ற நான்கு நகரங்களோடு நின்றது. சென்னையே அதில் இல்லை என்னும்போது மதுரைக்கு எங்கே போவது? ஆகவே ஆளாளுக்கு ஒரு சர்வே. எங்கள் பையில் ஒன்று, போட்டி நிலையத்துக்காரன் பையில் ஒன்று. காலையில் நாங்கள் நம்பர் ஒன், மாலையில் அவர்கள் நம்பர் ஒன். அதுவும் இடித்தால் "இருபத்தைந்து வயதுக்குக் கீழே நாங்கள்தான் நம்பர் ஒன்" என்று வயதைப் பிரித்துக்கொள்வோம். எப்படியும் எல்லோரும் முதலிடம். கேள்வித்தாளை எழுதுகிறவன் கையில்தான் ரேங்க் இருக்கிறது, இதில் ஒளிவுமறைவு எதற்கு.

வியாபாரிகள் இதை நம்பியதாக நினைக்கவேண்டாம். பத்து நொடிக்கு இவ்வளவு என்று விலை பேசுவோம், அவர்கள் பாட்டுக்குத் தனிக் கணக்கு வைத்திருப்பார்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு நகைக்கடை முதலாளி நான் கொண்டுபோன வண்ணப் படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுத் துண்டுச்சீட்டை எடுத்துப் போட்டார். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது. வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், விளம்பரம் எதில் கேட்டீர்கள் என்று கேட்டு பென்சிலால் குறித்துவைத்திருந்தார். கொடைக்கானல், தாண்டிக்குடி, பெரியகுளம், போடி என்று வந்த சீட்டுகளில் எங்கள் பெயர் ஒன்றிரண்டில்தான் இருந்தது. மீதியில் "கோடை". "மலைக்காரன் கல்யாணத்துக்குக் கல்யாணம்தான் வர்றான், ஆனா வந்தா மொத்தமா எடுக்கிறான்" என்றார்.

கோடை என்றால் அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் பண்பலை, 100.5. எங்கள் விற்பனை அட்டவணையில் போட்டியாளர் என்ற கட்டத்தில் அந்தப் பெயரே கிடையாது! தனியார் மூன்று பேர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம், அவர்கள் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். நிஜமாகவே தலைக்கு மேலேதான். பண்பலை ஏறக்குறைய கண்பார்வைபோல நேராகப் போவது. சமவெளியை விட 2,000 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா நின்றால் அடிவானமே 180 கிலோமீட்டர் தாண்டிப்போகும். மதுரை, திண்டுக்கல், தேனி, கரூர், திருச்சி எல்லாம் அதற்குள் அடக்கம். மதுரையில் கோபுரம் கட்டி அந்தத் தூரத்தைப் பிடிக்க முடியுமா?

இன்னொன்று, தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி வாசிக்கக்கூடாது. வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை சொல்ல அனுமதி உண்டு. ஆனால் மதுரைக் கோரிப்பாளையம் நெரிசலைத்தான் சொல்வோம். மலைப்பாதையில் மரம் விழுந்ததைச் சொல்ல எங்களுக்குத் தோன்றியதே இல்லை. உங்களுக்கென்று தனி நிலையமும் சுலபத்தில் வராது. தனியார் பண்பலைக்கு உரிமம் கொடுக்க 2011-இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கையை லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களை நோக்கித்தான் போட்டார்கள். அந்த ஆண்டு கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகரம் 36,501, உதகை 88,430.

மன்னவனூரிலிருந்து:

அண்ணன் சொல்வது திருச்சிக்குச் சரி. எங்கள் ஊர்ப் பள்ளங்களில் அந்த 100.5 கூட இரைச்சலோடுதான் வரும், மேட்டுத் தோட்டத்துக்கு ஏறினால் சுத்தமாகக் கேட்கும். விளக்கடியில் இருட்டு என்பது இதுதான். அப்பா உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கும்போது பெட்டியை வரப்பில் வைத்து ஏரியல் நுனியில் ஒரு கம்பியைச் சுற்றிவிடுவார். யாராவது பக்கத்தில் நடந்தால் பாட்டு போய்விடும், "அங்கேயே நில்லுடா" என்று சத்தம் போடுவார்.

கோத்தகிரியிலிருந்து:

நீலகிரிக்கதையைக் கேளுங்கள். கோடநாடு பக்கம் தெளிவான நாளில் உங்கள் கொடைக்கானல் 100.5 எங்களுக்கு வரும். மலைக்கு மலை நேர்ப்பார்வை, நடுவில் தடுக்க ஒன்றுமில்லை. உதகைப் பக்கம் போனால் மைசூரு ஆகாசவாணி 100.6-இல் வந்து அதை இடிக்கும். முள் வைத்த பெட்டியில் ஒரு நூல் நகர்த்தினால் தமிழ், இன்னொரு நூல் நகர்த்தினால் கன்னடம். கோவைக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள், ஆனால் அவர்கள் "நம்ம ஊரு" என்றால் அதில் மேட்டுப்பாளையத்துக்கு மேலே எதுவும் இல்லை.

எங்கள் மாமியார் கேட்பது உதகை வானொலிதான், மத்திய அலை 1602. எங்கள் படுகு மொழி நிகழ்ச்சி வரும் நேரத்தில் யாரும் குறுக்கே பேசக்கூடாது. கோத்தகிரியிலேயே 90.4-இல் சமுதாய வானொலியும் இருக்கிறது. அந்த வகை நிலையங்களுக்கு 100 வாட்தான் வரம்பு, இரண்டு மேடு தாண்டினால் நின்றுவிடும். ஆனாலும் பக்கத்து ஹட்டிக்காரர், அதாவது பக்கத்து ஊர்க்காரர், பேசுவதை ரேடியோவில் கேட்பது தனிச் சுகம். பண்ணைக்காட்டு அண்ணா, இதற்கெல்லாம் எந்த சர்வேக்காரர் மலை ஏறி வந்தார்? எங்கள் வீட்டுக் கதவை இதுவரை தட்டியது தேயிலை ஏஜென்டும் ஓட்டுக் கேட்பவர்களும் மட்டும்தான்.

கூடலூரிலிருந்து:

எங்கள் பஸ்ஸில் கோழிக்கோடு மலையாள எஃப்.எம்.தான் ஓடும். டிரைவர் மலையாளி இல்லை, உட்கார்ந்திருக்கும் பாதிப்பேருக்கும் பாட்டின் அர்த்தம் தெரியாது, விளம்பரத்தில் வரும் கடைக்கு யாரும் போகப்போவதும் இல்லை. தெளிவாக வருவது அதுதான், அவ்வளவே. மைசூரு வண்டி என்றால் முதுமலைக் காட்டுக்குள் எல்லாம் அடங்கி, தெப்பக்காடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கன்னடம் ஆரம்பிக்கும்.