எக்ஸ்ரேயில் தெரியாதது ஊதியபோது தெரிந்தது

தேனியிலிருந்து:

அம்மா பீடி, சிகரெட் பக்கமே போனவரல்லர். விறகடுப்பில் இட்லிக்கடை நடத்தி எங்களை ஆளாக்கியவர். சில வருடங்களாக நாலு படி ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜனும் 97. வயதானால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. எக்ஸ்ரே நுரையீரலின் உருவத்தைத்தான் காட்டும். காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பது ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

மதுரையில் ஒரு மருத்துவர்தான் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழாய். மூச்சை முட்ட இழுத்து, பட்டென்று ஊதத் தொடங்கி, ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். அந்நியர் முன்னால் ஊத அம்மாவுக்குக் கூச்சம், பாதியிலேயே நிறுத்திவிடுவார். பரிசோதனை செய்த பெண் சலித்துக்கொள்ளவே இல்லை. "அடுப்பு அணையப் போகிறது அம்மா, ஊதுங்கள், ஊதுங்கள், விடாதீர்கள்" என்றார். அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது! சரியான ஊதல் மூன்று கிடைக்கும்வரை அவர் விடவில்லை. அரைகுறையாக ஊதினால் அறிக்கையும் அரைகுறைதான். சொல்லிக்கொடுக்கப் பொறுமை உள்ளவர் அமைவது பெரிய பாக்கியம்.

பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். முதல் ஒரு விநாடியில் வெளிவந்த காற்றை மொத்தம் ஊதிய காற்றால் வகுத்து ஒரு விகிதம் போடுகிறார்கள். மருந்துக்குப் பின்னும் அது 0.70க்குக் கீழே நின்றால், மூச்சுக்குழாய் அடைப்பு மருந்தாலும் முழுதாக விலகவில்லை என்று பொருள். அம்மாவுக்கு 0.58. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்றார் மருத்துவர். புகைக்காதவருக்கு எப்படி என்று அண்ணன் கேட்டான். "விறகுப் புகையும் புகைதானே?" என்றார். கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டோம், இன்ஹேலர் தொடர்கிறது. இழந்த மூச்சு முழுதாகத் திரும்பாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கோவையிலிருந்து:

சகோதரி, நான் நூற்பாலையில் பஞ்சு உடைக்கும் பகுதியில் இருந்தவன். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் எங்களுக்கு நெஞ்சு இறுகும். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸுக்கு அதுதான் அடையாளம். ஷிப்ட்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்து ஒப்பிட்டால் முதல் விநாடிக் காற்று குறைவது தெரிந்துவிடும். எங்கள் ஆலையில் ஒருமுறைகூடச் செய்யவில்லை. ஓய்வுக்குப் பிறகு சொந்தச் செலவில் ஊதினேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அறிக்கை ஒன்றும் கையில் இல்லை. ஆலையில் இருக்கும் தம்பிகள் ஆண்டுக்கொரு முறை ஊதி, அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்.

சென்னையிலிருந்து:

தேனிக் கடிதத்தில் சொன்ன அந்த விகிதம் என் கணவருக்கு நன்றாகவே இருந்தது. மொத்தக் காற்றின் அளவுதான் குறைவு. ஓயாத வறட்டு இருமல். டி.எல்.சி.ஓ. என்று இன்னொரு பரிசோதனை செய்தார்கள். சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, 10 விநாடி அடக்கி, வெளியே விட வேண்டும். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எப்படிக் கடக்கிறது என்று அதில் தெரியும். வாயுவின் பெயரைக் கேட்டு அவர் பயந்தே போனார். அளவு மிகக் குறைவு, ஆபத்தில்லை. சி.டி. ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் வளர்த்த புறாக்களின் எச்சமும் இறகுத் தூசியும்தான் காரணம் என்றார்கள். ரத்தசோகை இருந்தால் டி.எல்.சி.ஓ. அளவு குறைவாகக் காட்டும். ஆகவே போகும்போது ஹீமோகுளோபின் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.